எஸ்எஸ்டி முதலில், ரேம் அடுத்து: நடுத்தர விலை லேப்டாப்பை மேம்படுத்த ஒரு வடசென்னை வழிகாட்டி

‘மல்டிமீடியா லேப்டாப்’ என்று சொல்லி விற்கிற வகை எல்லாருக்கும் தெரிந்ததுதான். 15.6 அங்குலத் திரை, 2 ஜிபியோ 4 ஜிபியோ தனி கிராஃபிக்ஸ், 1 டிபி ஹார்ட் டிஸ்க், ஸ்பீக்கருக்கு மேலே ஏதாவது ஓர் ஆடியோ கம்பெனியின் பெயர். எச்பி பெவிலியனில் முன்பு பீட்ஸ், பிறகு பேங் அண்ட் ஒலுஃப்சன்; டெல் இன்ஸ்பிரானில் வேவ்ஸ் மேக்ஸ்ஆடியோ; லெனோவோவின் சில மாடல்களில் ஹர்மன் அல்லது ஜேபிஎல். தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர்ப் பக்கம் கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறவர்கள், கானா பாட்டு ரெக்கார்ட் செய்து வீடியோவாக ஏற்றுகிற பையன்கள், காலேஜ் முடித்து எடிட்டிங் பழகுகிறவர்கள் பலரிடம் இந்த வகைதான் இருக்கும். நான் பார்த்தவரை அதில் பாதி அண்ணனிடமிருந்து வந்தது, இல்லையென்றால் செகண்ட் ஹேண்ட்.

வைத்திருப்பவர்கள் சொல்கிற குறையும் ஏறக்குறைய ஒன்றுதான். “ஆன் பண்ணிட்டு டீ குடிச்சிட்டு வரலாம்பா.”

இதற்குக் காரணம் பழசானது மட்டும் இல்லை. பெட்டியின் மேல் எதைப் பெரிய எழுத்தில் போட முடியுமோ அதில் தயாரிப்பாளர்கள் தாராளமாகச் செலவு செய்கிறார்கள்: பிராசஸர் பெயர், கிராஃபிக்ஸ், 1 டிபி. பெட்டியில் போடாத இடத்தில் மிச்சம் பிடிக்கிறார்கள்: ஹார்ட் டிஸ்க்கின் வேகம், ரேம் (ஓடுகிற வேலைக்கான தற்காலிக மெமரி) இரண்டுக்குப் பதில் ஒன்று, திரையின் நிறத்தரம். அப்படி மிச்சம் பிடித்த மூன்றையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான் நமக்குச் சாதகம். போர்டோடு சால்டர் செய்யப்பட்ட பிராசஸரையும் கிராஃபிக்ஸ் சிப்பையும்தான் மாற்ற முடியாது. ஆகவே செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது பிராசஸரைப் பார்த்து வாங்குங்கள். ரேம் கம்மி, டிஸ்க் ஸ்லோ என்பதை விலை குறைக்கச் சொல்லிக் கேட்பதற்குப் பயன்படுத்துங்கள்.

மூடியைத் திறப்பதற்கு முன்

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போங்கள். வழக்கமாகச் செய்கிற வேலையை, அதாவது பத்துப் பதினைந்து டேப் திறந்த பிரௌசர், ஒரு எடிட்டிங் மென்பொருள், வாட்ஸ்அப், எல்லாவற்றையும் ஓட விட்டுவிட்டு டிஸ்க், மெமரி, பிராசஸர் (சிபியு) மூன்றின் கோடுகளையும் கவனியுங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டு நின்றால் எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே சேமிக்கிற வேகமான டிஸ்க்) வேண்டும். மெமரி 85, 90 என்று போனால் ரேம் வேண்டும். பிராசஸர் மட்டும் 100-இல் நின்று மற்ற இரண்டும் சும்மா இருந்தால் காசைச் செலவழித்துப் பெரிதாகப் பலன் இருக்காது. முதலில் சூட்டைச் சரிபாருங்கள், அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

அதே மெமரி பக்கத்தில் ரேமின் வேகமும், எத்தனை ஸ்லாட்டில் எத்தனை பயன்பாட்டில் இருக்கின்றன என்பதும் தெரியும். சால்டர் செய்த ரேமையும் சில சமயம் அது ஒரு ஸ்லாட்டாகக் கணக்குக் காட்டும் என்பதால் அதை மட்டும் நம்பிக் கடைக்குக் கிளம்ப வேண்டாம்.

நம்ப வேண்டியது சர்வீஸ் மேனுவல். லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் முழு மாடல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பெவிலியன் 15, இன்ஸ்பிரான் 15 என்பதெல்லாம் குடும்பப் பெயர். அதன் கீழ் டஜன் கணக்கில் மாடல்கள் உண்டு. எச்பி, டெல், லெனோவோ மூன்றும் தங்கள் மாடல்களைப் பிரித்துப் பொருத்துவதற்கான மேனுவலை பிடிஎஃப் ஆக இலவசமாகவே இணையத்தில் வைத்திருக்கின்றன. எந்த ஸ்க்ரூ எங்கே, ரேம் எவ்வளவு வரை ஏற்கும், எம்.2 ஸ்லாட் (மெல்லிய பட்டை வடிவ எஸ்எஸ்டியைச் செருகும் இடம்) உண்டா, எல்லாம் படத்தோடு இருக்கும். யூடியூபில் உங்கள் மாடல் மாதிரியே தெரிகிற வேறு மாடலைப் பார்த்துத் திறப்பதை விட இது எவ்வளவோ மேல்.

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ இருக்க வேண்டும். அதற்கு முந்தைய லேப்டாப் என்றால் எஸ்எஸ்டி வரை செலவு செய்யலாம். அதற்கு மேல் பேட்டரி, திரை என்று போவது என் கணக்கில் வீண். லினக்ஸ் போட்டுக்கொள்கிற ஆள் என்றால் இந்தக் கணக்கு பொருந்தாது.

எஸ்எஸ்டி: காசு முதலில் போக வேண்டிய இடம்

லேப்டாப்பில் வருகிற 5400 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க், பெரிய ஃபைல் ஒன்றைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது விநாடிக்குச் சுமார் 100 எம்பி தரும். சாட்டா (ஹார்ட் டிஸ்க்குக்கு இருக்கும் அதே இணைப்பு) எஸ்எஸ்டி 500 எம்பிக்கு மேல் தரும். என்விஎம்இ என்ற வேகமான புது வகை இணைப்பில் ஜென் 3 (மூன்றாம் தலைமுறை) என்றால் 3,500 வரை. இந்த எண்களை விட முக்கியமானது சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடி எடுப்பது. விண்டோஸ் ஆன் ஆகும்போது ஆயிரக்கணக்கான சிறு ஃபைல்களைத் தேடுகிறது. ஹார்ட் டிஸ்க்கில் ஒவ்வொன்றுக்கும் முள் நகர வேண்டும், எஸ்எஸ்டியில் நகர எதுவும் இல்லை. அதனால்தான் சாட்டாவிலிருந்து என்விஎம்இக்குப் போனால் தெரிகிற வித்தியாசத்தை விட, ஹார்ட் டிஸ்க்கிலிருந்து சாதாரண சாட்டா எஸ்எஸ்டிக்குப் போனால் தெரிகிற வித்தியாசம் பல மடங்கு அதிகம். என்விஎம்இ ஸ்லாட் இல்லையே என்று வருத்தப்பட வேண்டியதில்லை.

உங்கள் லேப்டாப் எதை ஏற்கும்? மூன்று வழி உண்டு.

சாட்டா 2.5 அங்குலம் என்பது ஹார்ட் டிஸ்க் இருக்கும் அதே இடத்தில் உட்காரும். எஸ்எஸ்டிகள் பொதுவாக 7 மில்லிமீட்டர் தடிமன். பழைய லேப்டாப்பில் இடம் 9.5 என்றால் ஆடாமல் இருக்க ஸ்பேசர் வைக்க வேண்டும்.

எம்.2 ஸ்லாட் இருந்தால் அதில் சாட்டாவா என்விஎம்இயா என்று மேனுவலில் பார்க்காமல் வாங்கக் கூடாது. இரண்டும் ஒரே வடிவம்தான், ஆனால் 2015, 16 காலத்து லேப்டாப் சிலவற்றில் அந்த ஸ்லாட் சாட்டாவை மட்டுமே ஏற்கும். தங்கப் பற்களில் இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒரே வெட்டு என்றால் பெரும்பாலும் என்விஎம்இ. 2280 என்பது அளவு: 22 மில்லிமீட்டர் அகலம், 80 நீளம். 2242 மட்டுமே பிடிக்கும் லேப்டாப்பும் உண்டு. வைஃபை கார்டு இருக்கும் சின்ன எம்.2 ஸ்லாட்டைப் பார்த்து ஏமாற வேண்டாம், அதில் எஸ்எஸ்டி வேலை செய்யாது.

டிவிடி டிரைவ் உள்ள பழைய மாடல் என்றால் அதைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கேடி (caddy, டிஸ்க்கைப் பிடித்து வைக்கும் சட்டம்) ஒன்றைப் போட்டு ஹார்ட் டிஸ்க்கை அதில் வைக்கலாம். கேடி 9.5, 12.7 என இரண்டு தடிமனில் வருகிறது. டிரைவை வெளியே இழுத்து ஸ்கேலால் அளந்துகொண்டு போங்கள். எஸ்எஸ்டியை உள்ளே முக்கிய இடத்தில் போட்டு, ஹார்ட் டிஸ்க்கை கேடிக்குத் தள்ளுவதுதான் சரியான முறை. ஆல்பம் டிசைன் செய்பவர்களுக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பொருந்தும்: விண்டோஸும் நடப்பு வேலையும் எஸ்எஸ்டியில், முடிந்த கல்யாணங்கள் ஹார்ட் டிஸ்க்கில்.

இங்கேதான் பலர் கடைக்கு இரண்டாவது தடவை நடக்கிறார்கள். எம்.2 எஸ்எஸ்டியைப் பிடித்து வைக்கிற குட்டி ஸ்க்ரூ நிறைய லேப்டாப்பில் இருக்காது. அதேபோல எம்.2 மட்டும் போட்டு விற்ற மாடல்களில் 2.5 அங்குல இடம் காலியாக இருந்தாலும், அதற்கான ரிப்பன் கேபிளும் தகரச் சட்டமும் இருக்காது. அந்தக் கேபிள் மாடலுக்கு மாடல் வேறு. முதலில் மூடியைத் திறந்து பார்த்து, போனில் படம் எடுத்துக்கொண்டு, பிறகு வாங்கப் போங்கள்.

அளவு? 500 ஜிபி குறைந்தபட்சம். வீடியோ எடிட் செய்பவர் என்றால் 1 டிபி. உள்ளே இருக்கும் சேமிப்புச் சிப்பில் டிஎல்சி வகை கேளுங்கள், க்யூஎல்சி வகை வேண்டாம். பெரிய வீடியோ ஃபைலைத் தொடர்ந்து எழுதும்போது க்யூஎல்சி கொஞ்ச நேரத்தில் இளைத்துவிடும். ஆயுளைப் பற்றிப் பயப்படவே தேவையில்லை. நல்ல 500 ஜிபி டிஎல்சி எஸ்எஸ்டிகள் 300 டெராபைட் வரை எழுதலாம் என்ற அளவில் உத்தரவாதம் தருகின்றன. நம் வேலைக்கு அதைத் தொட வருஷக்கணக்கில் ஆகும்.

மாற்றுவதற்கு முன் ஒரு விஷயம். சமீபத்திய லேப்டாப்களில் விண்டோஸ் நமக்குத் தெரியாமலேயே டிஸ்க்கை என்கிரிப்ட் செய்து (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டி) வைத்திருக்கும். பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் போர்டின் அடிப்படை அமைப்பு) எதையாவது மாற்றினால் திடீரென்று நீலத்திரை வந்து 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தக் கீ சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்து, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கு எந்த மெயிலில் தொடங்கினோம் என்பதே மறந்தவர்கள் இந்த வேலையைத் தொடுவதற்கு முன் போட்டோக்களை வேறு டிஸ்க்கில் எடுத்து வைப்பது அவசியம்.

பழைய டிஸ்க்கை அப்படியே குளோன் (முழு நகல்) செய்யலாமா, புதிதாக விண்டோஸ் போடலாமா? குளோன் செய்வது சுலபம். சாம்சங், டபிள்யூடி போன்றவை தங்கள் எஸ்எஸ்டிக்கு இலவச மென்பொருளே தருகின்றன. ஆனால் பல வருஷக் குப்பையும் சேர்ந்து வரும். நான் புதிதாகப் போடுகிற கட்சி. 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று, மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல், போதும். லேப்டாப்போடு வந்த விண்டோஸ் என்றால் அதன் உரிமம் போர்டோடு சேர்ந்தது. டிஸ்க்கை மாற்றினாலும் அதே எடிஷனைப் போட்டால் தானே ஆக்டிவேட் ஆகிவிடும். கடையில் ‘ஓஎஸ் சார்ஜ்’ என்று தனியாகக் காசு கேட்டால் இதை நினைவில் வையுங்கள்.

இன்டெல் 11-ஆம் தலைமுறையிலிருந்து வந்த லேப்டாப்பில் புதிதாக விண்டோஸ் போடும்போது டிஸ்க்கே தெரியாமல் போகலாம். எஸ்எஸ்டி போலி என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்க ஓட வேண்டாம். பயாஸில் விஎம்டி என்ற வசதி இயங்கிக்கொண்டிருப்பதுதான் காரணம். அதை நிறுத்தலாம், அல்லது லேப்டாப் கம்பெனி தளத்திலிருந்து இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரை எடுத்துப் பென்டிரைவில் வைத்து அந்த இடத்தில் காட்டலாம்.

புது விண்டோஸ் போட்டதும் “சவுண்ட் டப்பாவா ஆயிடுச்சு” என்பார்கள். ஸ்பீக்கருக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த ஆடியோ கம்பெனியின் பெயரில் பெரும்பங்கு மென்பொருள் டியூனிங்தான். விண்டோஸ் தானாகப் போடும் பொது டிரைவரில் அது இருக்காது. உங்கள் மாடலுக்கான ஆடியோ டிரைவரை லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்தே எடுத்துப் போடுங்கள். ஸ்பீக்கர் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. கானா மிக்ஸ் செய்ய நினைப்பவர்கள் எப்படியும் ஹெட்போனில்தான் கேட்க வேண்டும், அடிச்சத்தம் இந்த ஸ்பீக்கரில் வராது.

ரேம்

டிடிஆர்3எல், டிடிஆர்4, டிடிஆர்5 மூன்றும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. லேப்டாப் ரேமில் முதலாவதுக்கு 204 பின், 1.35 வோல்ட், இரண்டாவதுக்கு 260 பின், 1.2 வோல்ட், மூன்றாவதுக்கு 262 பின், 1.1 வோல்ட். நடு வெட்டு இருக்கும் இடமும் வேறு, அதனால் தவறானது உட்காரவே உட்காராது. அழுத்தி உட்கார வைக்க முயலாதீர்கள்.

ஒற்றை 8 ஜிபியோடு வந்த லேப்டாப்பில் இன்னொரு 8 சேர்த்தால் இரண்டு பலன். ஒன்று, அளவு. மற்றது, இரண்டு ரேமிலும் ஒரே நேரத்தில் படிக்கிற டூயல் சேனல். தனி கிராஃபிக்ஸ் இல்லாமல் பிராசஸருக்குள்ளேயே கிராஃபிக்ஸ் உள்ள லேப்டாப்பில், குறிப்பாக ரைசன் வகையில், இது நன்றாகவே தெரியும். அந்த கிராஃபிக்ஸ் ரேமைத்தான் தன் மெமரியாகப் பயன்படுத்துகிறது. 4-உம் 8-உம் கலந்து போட்டாலும் ஓடும்: முதல் 4-உம் 4-உம் இரட்டையாகவும், மீதி 4 ஒற்றையாகவும் வேலை செய்யும். வேகம் வேறு வேறு என்றால் மெதுவானதற்கு இரண்டும் இறங்கிவரும்.

டாவின்சி ரிசால்வ் மாதிரி எடிட்டிங் மென்பொருளுக்கு 16 ஜிபி வேண்டும். பிரௌசர், ஆபீஸ் வேலை, பாட்டு, படம் மட்டும் என்றால் 8 போதும். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிக் கிடக்கிறது, ஆகவே தேவையில்லாமல் 32-க்குப் போக வேண்டாம். 4கே வீடியோ தடுக்கிறது என்றால் ரேம் வாங்குவதற்கு முன் பிராக்ஸி ஃபைல் (அதே வீடியோவின் சிறிய, இலகுவான நகல்) உருவாக்கி எடிட் செய்து பாருங்கள். காசு செலவில்லை.

பொருத்துவது எளிது. 30 டிகிரி சாய்வில் செருகி, தங்கப் பற்கள் முழுக்க மறைந்ததும் கீழே அழுத்தினால் இரண்டு பக்கக் கொக்கியும் ‘டக்’ என்று பிடிக்கும். முதல் தடவை ஆன் செய்யும்போது திரை கொஞ்ச நேரம் கறுப்பாகவே இருக்கலாம், புது ரேமோடு அது தன்னைச் சரிசெய்துகொள்ளும் நேரம் அது; பதறி பவர் பட்டனை அழுத்த வேண்டாம். அப்புறம் ராத்திரி மெமரி டெஸ்ட் ஒன்றை ஓட விட்டுவிட்டுத் தூங்குங்கள். கோளாறான ரேம் முதல் நாளே காட்டிக்கொடுக்காது, வீடியோ ரெண்டராகி முடியும் நேரத்தில்தான் கழுத்தறுக்கும்.

திறக்கும் முறை

நல்ல முனையுள்ள சிறு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், கிட்டார் வாசிக்கும் பிளாஸ்டிக் பிக், ஒரு வெள்ளைத் தாள். இவ்வளவுதான் வேண்டும். ஸ்க்ரூக்களைக் கழற்றிய இடத்தின் படத்தைத் தாளில் வரைந்து, அந்தந்த இடத்தில் செல்லோடேப் போட்டு ஒட்டுங்கள். நீளமான ஸ்க்ரூவைக் குட்டை ஓட்டையில் முறுக்கினால் கைவைக்கும் பகுதியில் புடைத்துக்கொண்டு வரும்.

முழுக்க ஷட்டவுன் செய்யுங்கள். சார்ஜரைப் பிடுங்குங்கள். ரப்பர் கால்களுக்கு அடியில் ஒளிந்திருக்கும் ஸ்க்ரூவைத் தேடுங்கள். டிவிடி டிரைவ் உள்ள மாடலில் அதை எடுத்த இடத்திலும் ஒன்றிரண்டு ஒளிந்திருக்கும். எல்லாம் கழற்றியும் மூடி வரவில்லை என்றால் ஏதோ ஒரு ஸ்க்ரூ பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். மூடி வந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. வயரைப் பிடித்து இழுக்காதீர்கள், பிளாஸ்டிக் தலையை நகத்தால் தள்ளுங்கள். பட்டைக் கேபிள்களுக்கு மேலே சின்னத் தாழ்ப்பாள் இருக்கும், அதைத் தூக்கிவிட்டுத்தான் கேபிளை எடுக்க வேண்டும். அதை உடைத்துவிட்டால் டச்பேடோ கீபோர்டோ போச்சு.

வாரண்டி இருக்கும் லேப்டாப் என்றால் கம்பெனியின் விதியை முதலில் படியுங்கள். ரேம், டிஸ்க் மாற்றுவதைப் பலர் அனுமதிக்கிறார்கள். மாற்றும்போது உடைந்தது நம் பொறுப்பு.

சூடு, தூசு, உப்புக்காற்று

மற்ற ஊர்களுக்கு எழுதும் வழிகாட்டிகளில் இந்தப் பகுதி இரண்டு வரியில் முடிந்துவிடும். நமக்கு முடியாது. ராயபுரம், காசிமேடு, எண்ணூர் குப்பங்கள் என்று கடலை ஒட்டிய இடங்களில் பைக்கின் செயின், ஜன்னல் கம்பி என்ன ஆகிறது என்று எல்லாருக்கும் தெரியும். அதே காற்றைத்தான் லேப்டாப் ஃபேன் நாள் முழுக்க உள்ளே இழுக்கிறது. எண்ணூர் விரைவுச் சாலை ஓரத்து வீடுகளில் கன்டெய்னர் லாரிகளின் புழுதி வேறு. உப்புக்கு ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. தூசியோடு சேர்ந்து ஹீட்சிங்க்கின் (பிராசஸரின் சூட்டை வெளியேற்றும் உலோகப் பாகம்) தகடுகளுக்கு முன்னால் கெட்டியான படலமாகப் படியும். பூந்துடைப்பத்தின் தூள், தலைமுடி, அகர்பத்திப் புகை எல்லாம் அதில் சேரும். வெளியிலிருந்து ஊதினால் அது போகாது. ஃபேனைக் கழற்றி, ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவே இருக்கும் அந்தப் படலத்தைக் கையால் எடுக்க வேண்டும்.

எவ்வளவு சூடு என்று முதலில் அளந்து பாருங்கள். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். கனமான வேலையில் 80 முதல் 90 டிகிரி வரை இந்த வகை லேப்டாப்புக்குச் சாதாரணம். 95 தாண்டி 100-ஐத் தொட்டால் பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும். மே மாதத்தில் வெளியே 40 டிகிரி, மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, லேப்டாப் மெத்தைமேல் என்றால் எந்தப் பிராசஸரும் தாங்காது.

சுத்தம் செய்யும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். வேகமாகச் சுற்ற விட்டால் பேரிங் கெடும். மூன்று நான்கு வருஷம் ஆன லேப்டாப்பில் தெர்மல் பேஸ்ட் (சிப்பின் சூட்டை ஹீட்சிங்க்குக்குக் கடத்தும் பசை) காய்ந்திருக்கும். ஹீட்சிங்க்கின் ஸ்க்ரூக்களில் எண்கள் பொறித்திருந்தால் மாட்டும்போது அந்த வரிசையில் முறுக்கி, கழற்றும்போது தலைகீழ் வரிசையில் கழற்றுங்கள். பழைய பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, புதியதைச் சிப்பின் மேல் மெல்லியதாக வையுங்கள். கிராஃபிக்ஸ் மெமரி சிப்களின் மேல் பசை மாதிரி மெத்தென்ற பட்டை இருக்கும். அது தெர்மல் பேட். அதன் இடத்தில் பேஸ்ட் தடவினால் நடுவில் இடைவெளி விழுந்துவிடும். கிழிந்திருந்தால் அதே தடிமனில் பேட் வாங்கிப் போடுங்கள்.

இவ்வளவும் வேண்டாம், இப்போதைக்குச் சூடு குறைந்தால் போதும் என்பவர்களுக்கு ஒரு வழி. விண்டோஸ் பவர் ஆப்ஷனில் பிராசஸரின் அதிகபட்ச நிலையை 100-இலிருந்து 99 ஆக்குங்கள். இன்டெல் லேப்டாப்பில் டர்போ (தேவைப்படும்போது பிராசஸர் கூட்டிக்கொள்ளும் வேகம்) நின்றுவிடும், சூடு கணிசமாக இறங்கும். எடிட்டிங் கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவுதான்.

உப்பு கெடுக்கிற இன்னோர் இடம் ஹின்ஜ், அதாவது திரையைத் தாங்கும் கீல். நடுத்தர விலை லேப்டாப்பில் ஹின்ஜைத் தாங்குவது பிளாஸ்டிக்கில் பதித்த பித்தளை நட்டுகள். ஹின்ஜ் துருவேறி இறுகினால், ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் அந்த விசை முழுக்கப் பிளாஸ்டிக்கின் மேல் போய், ஒருநாள் நட்டு பிய்த்துக்கொண்டு வரும். திரை மூடும்போது ஓரத்தில் வாய் பிளந்தால் அதுதான் அறிகுறி. அதோடு ஒரு வாரம் ஓட்டினாலும் திரைக்குப் போகும் கேபிள் அறுந்து செலவு பல மடங்காகும். ஆரம்பத்திலேயே திறந்து, ஹின்ஜின் இறுக்கும் நட்டைக் கால் சுற்றுத் தளர்த்தி, பெயர்ந்த பித்தளையை எபாக்சி வைத்து ஒட்டினால் பிழைத்துக்கொள்ளும். திரையை எப்போதும் நடுவில் பிடித்துத் திறங்கள், மூலையில் அல்ல.

வெள்ளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எத்தனை வீட்டுக்குள் தண்ணீர் வந்தது என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. நனைந்த லேப்டாப்பை ‘வேலை செய்யுதா பார்ப்போம்’ என்று ஆன் செய்வதுதான் அதைக் கொல்வது. பேட்டரியைக் கழற்றி, போர்டை ஆல்கஹாலால் கழுவத் தெரிந்த சர்வீஸ்காரரிடம் கொடுங்கள். செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது பின்மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். போர்டில் பச்சை படிந்திருந்தாலோ, நனைந்தால் நிறம் மாறும் வெள்ளை ஸ்டிக்கர் சிவந்திருந்தாலோ, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் நகர்ந்துவிடுங்கள்.

திரை, வைஃபை, பேட்டரி

திரையை மாற்றலாம் என்பதே பலருக்குத் தெரியாது. நடுத்தர லேப்டாப்பின் பேனல் (திரைப் பலகை) பொதுவாக 45 சதவீத என்டிஎஸ்சி (எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்பதற்கான ஓர் அளவுகோல்) நிறத்தரம். அதில் கூரைப்புடவையின் அரக்குச் சிவப்பு செங்கல் நிறமாகத் தெரியும். அதைத் திருத்துகிறேன் என்று சிவப்பை ஏற்றினால் பிரின்ட்டில் முகமெல்லாம் சிவந்து வரும். 72 சதவீத என்டிஎஸ்சி என்று விற்கும் ஐபிஎஸ் வகைப் பேனல் ஏறக்குறைய முழு எஸ்ஆர்ஜிபியையும் (கம்ப்யூட்டர் படங்களுக்கான பொது நிற வரம்பு) காட்டும். ஆல்பம் வேலை செய்பவர்களுக்கு இது ரேமை விடவும் அவசியம் என்பேன். பழைய பேனலின் முதுகில் இருக்கும் ஸ்டிக்கரைப் படம் எடுத்துக் கொண்டு போங்கள். கனெக்டர் 30 பின்னா 40 பின்னா, எந்தப் பக்கம், ஸ்க்ரூ காது உண்டா இல்லையா, மூன்றும் பொருந்த வேண்டும். 1366 x 768 திரையிலிருந்து ஃபுல் எச்டிக்குப் போகும்போது சில மாடலில் கேபிளையும் மாற்ற வேண்டியிருக்கும்.

வைஃபை கார்டு மலிவான மாற்றம். வீடுகள் நெருக்கமான தெருவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை முழுக்க அக்கம்பக்கத்து ரௌட்டர்கள் நிறைந்திருக்கும். உங்கள் கார்டு 5 கிகாஹெர்ட்ஸைப் பிடிக்காத வகை என்றால் இன்டெல் ஏஎக்ஸ்210 மாதிரி ஒன்றைப் போடலாம். ஏஎக்ஸ்211 வேண்டாம், அது குறிப்பிட்ட இன்டெல் போர்டுகளில் மட்டுமே வேலை செய்யும். சில பழைய மாடல்களின் பயாஸ், பட்டியலில் இல்லாத கார்டை ஏற்காது. அதை முன்கூட்டியே விசாரியுங்கள்.

பேட்டரியின் நிலையை விண்டோஸே சொல்லும். கமாண்ட் பிராம்ப்டில் பவர்சிஎஃப்ஜி, இடைவெளி விட்டு சாய்கோடு, ஒட்டி பேட்டரிரிப்போர்ட் என்று ஆங்கிலத்தில் தட்டினால் அறிக்கை வரும். டிசைன் கொள்ளளவில் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தால் மாற்றலாம். டச்பேட் தூக்கிக்கொண்டு வந்தால், கீழ்மூடி புடைத்தால், பேட்டரி ஊதிவிட்டது. அன்றே கழற்றுங்கள், குத்தாதீர்கள், குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். எப்போதும் சார்ஜரிலேயே ஓட்டுபவர்கள் பயாஸிலோ கம்பெனி ஆப்பிலோ 80 சதவீதத்தில் சார்ஜ் நிற்கும்படி வைத்துக்கொண்டால் ஆயுள் நீளும்.

சார்ஜரில் வோல்ட் அதே, வாட் அதே அளவோ கூடவோ இருக்க வேண்டும். டெல் லேப்டாப் சார்ஜரை நடுப்பின் மூலம் அடையாளம் பார்க்கும். தெரியாத சார்ஜர் என்றால் பேட்டரி ஏறாது, பிராசஸரும் மெதுவாகிவிடும். ‘லேப்டாப் ஸ்லோ’ என்று வருகிறவற்றின் காரணங்களில் இதுவும் ஒன்று. உலோக மூடியைத் தொட்டால் சுரீர் என்கிறதா? மூன்று பின் பிளக்கை இரண்டு பின்னாக்கிச் செருகியிருப்பீர்கள், இல்லையென்றால் வீட்டில் எர்த் சரியில்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

வாங்கப் போகும்போது

திருவொற்றியூர், தண்டையார்பேட்டைப் பக்கமிருந்து மெட்ரோ ஏறினால் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி, கம்ப்யூட்டர் உதிரிபாகக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு நடந்துவிடலாம். விம்கோ நகர் வரை பாதை 2021 பிப்ரவரியில் நீண்டதிலிருந்து இது பெரிய வசதி. ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும்.

“எஸ்எஸ்டி என்ன ரேட்டுண்ணா?” என்று கேட்டால் கடைக்காரர் விற்க நினைப்பதைச் சொல்வார். “அண்ணா, 2280 என்விஎம்இ ஜென் 3, 500 ஜிபி, டிஎல்சி, பில்லோட என்ன ரேட்?” என்று கேளுங்கள். ஜென் 3 ஸ்லாட்டில் ஜென் 4 போட்டாலும் ஓடும், ஆனால் ஜென் 3 வேகத்தில்தான். விலை ஒன்றானால் வாங்குங்கள், இல்லையென்றால் வேண்டாம். நாலு கடை ஏறி இறங்க வெட்கப்பட வேண்டாம், அந்தத் தெருவின் வழக்கமே அதுதான். பில்லில் சீரியல் எண் எழுதியிருக்க வேண்டும். அது இல்லாத ‘கடை வாரண்டி’ எல்லாம் வாய்ப்பேச்சு.

வீட்டுக்கு வந்ததும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் அந்த எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பாருங்கள். புதியது ஒற்றை இலக்கம் காட்டும். ஆயிரக்கணக்கில் காட்டினால் எங்கிருந்தோ கழற்றிய சரக்கு, மறுநாளே பில்லோடு திருப்பிக் கொடுங்கள். நம்ப முடியாத மலிவு விலையில் 2 டிபி என்று விற்பதைப் பார்த்தால் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் முழுக்க எழுதிப் படித்துச் சோதியுங்கள். அளவைப் பொய்யாகக் காட்டும் டிஸ்க்குகள் அதில் மாட்டிக்கொள்ளும்.

கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை உடனே ஃபார்மட் செய்து விற்க வேண்டாம். யுஎஸ்பி கேஸ் ஒன்றில் போட்டு ஒரு மாதம் அப்படியே வையுங்கள். டேலி டேட்டா, வாட்ஸ்அப் பேக்கப், தங்கையின் ஸ்கூல் சர்டிஃபிகேட் ஸ்கேன் என்று எதையோ விட்டிருப்போம். அந்த மாதம் முழுக்க ஒரு தடவைகூட அதைத் திறக்கத் தேவைப்படவில்லை என்றால், அழித்துவிட்டு பேக்கப் டிஸ்க்காக வைத்துக்கொள்ளலாம்.